புறாவும் அணிலும் மட்டும்தான் வருகின்றன: சின்னப் பறவைகளுக்கு எந்த ஃபீடர், என்ன தீனி?

கொல்லைப்புறத்தான்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் திறந்த இடம் இருக்கிறது. ஒரு மரம், அப்புறம் சுவரோரம் புதராக மண்டிக்கிடக்கும் செடிகள். அந்தப் புதருக்குள் சிட்டுக்குருவி, தேன்சிட்டு எல்லாம் நாள் முழுக்க வந்து போகின்றன, ஆனால் நான் சுவர் மேல் வைத்திருக்கும் தட்டுப் பக்கம் ஒன்றும் எட்டிப் பார்ப்பதில்லை. பாக்கெட்டில் வரும் கலவைத் தீனியைக் காலையில் கொட்டுகிறேன், புறாக்கள் கும்பலாக இறங்கிக் காலி செய்கின்றன, மிச்சம் மீதியை அணில் பார்த்துக்கொள்கிறது. குழாய் மாதிரித் தொங்கும் ஃபீடர் வாங்கினால் சரியாகுமா, இல்லை சுற்றிக் கூண்டு வைத்ததுதான் வேண்டுமா? மிஞ்சிய ரொட்டி, பால் எல்லாம் வைக்கலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள், அதற்கும் பதில் சொல்லுங்கள். தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா?

விதைபொறுக்கி:
முதலில் அந்தத் தட்டை எடுத்துவிடுங்கள். புறா நடந்து பொறுக்கும் பறவை, அதற்கு உடம்பைத் தாங்கும் அளவுக்குச் சமதளம் வேண்டும், நீங்கள் மேடை போட்டே கொடுத்திருக்கிறீர்கள். குட்டையான குச்சிகள் வைத்த குழாய் ஃபீடரில் சிட்டுக்குருவி தாராளமாக உட்காரும், புறாவுக்கு அங்கே கால் வைக்கவே இடமிருக்காது. அப்படியும் இறக்கையை அடித்துக்கொண்டு தொங்கப் பார்க்கும் புறாக்கள் உண்டு, அந்தத் தொல்லை இருந்தால் மட்டும் கூண்டு போட்டதை வாங்குங்கள். கம்பிகளுக்கு நடுவே ஏறக்குறைய 4 செ.மீ. இடைவெளி இருந்தால் சின்னக் குருவிகள் நுழைந்துவிடும், புறா வெளியே நிற்கும்.

தீனிதான் பெரிய விஷயம். மலிவான கலவைகளில் கோதுமை, உடைத்த மக்காச்சோளம் மாதிரி எடை கூட்டும் தானியங்கள் அதிகம், சின்ன அலகுள்ள பறவை அதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டி இரண்டு பக்கமும் வீசிவிட்டுத் தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும், வீசியது தரையில் விழும், அதற்குப் புறாவும் எலியும் வரும். கலவையை விட்டுவிட்டுத் தனித்தனியாக வாங்குங்கள். சிட்டுக்குருவிக்குத் தினை மாதிரிச் சிறுதானியம் போதும். கொஞ்சம் பலத்த அலகுள்ளவற்றுக்குச் சூரியகாந்தி விதை. அதில் கறுப்பு விதையை எடுங்கள், ஓடு மெல்லியது, எண்ணெயும் கூடுதல், கோடு போட்ட விதையின் ஓடு தடிமன் என்பதால் சின்னவை சிரமப்படும். சிட்டுக்குருவி ஒரு விதையைத் தின்பதைப் பக்கத்திலிருந்து பாருங்கள்: விதையை அலகின் ஓரத்துக்குத் தள்ளி, நாக்கால் உருட்டிக்கொண்டே மென்று, பருப்பு உள்ளே போக ஓடு இரண்டு பக்கமும் உதிரும். பட்டாணிக்குருவிக்கு வழக்கமே வேறு, விதையைக் காலுக்கடியில் அழுத்திப் பிடித்து அலகால் கொத்தி உடைக்கும்.

ஓடு நீக்கிய பருப்பு வாங்கினால் குப்பை விழாது, ஆனால் ஈரம் பட்டால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், ஓரிரு நாளில் தீரும் அளவு மட்டும் போடுங்கள். இன்னொன்று, நிறைந்திருப்பது மாதிரித் தெரியும் ஃபீடரில் பல நேரம் இருப்பது வெறும் உமிதான். வாயால் ஊதிப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

மிளகாய்ப்பொடி:
அணிலுக்கு என் பெயரிலேயே பதில் இருக்கிறது! மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் பாலூட்டிகளுக்குத்தான் எரியும், பறவைகளுக்கு அது உறைப்பதே இல்லை. காட்டில் மிளகாய் விதையைப் பரப்புவதும் பறவைகள்தானே. ஆனாலும் தூளை அப்படியே தூவச் சொல்ல மாட்டேன், காற்றில் பறந்து உங்கள் கண்ணிலும் விழும், குருவியின் கண்ணிலும் விழும். ஒரு கம்பம் நட்டு, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கவிழ்த்த கூம்புத் தகடு ஒன்றை மாட்டி, அதற்கு மேலே ஃபீடரைத் தொங்கவிடுங்கள். மரம், சுவர் எதிலிருந்தும் 3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏறாமலே தாவிவிடும். அணிலும் வந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தால் தூரத்தில் அதற்கென்று தனியாகக் கொஞ்சம் வையுங்கள், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஃபீடரைக் கடித்துக் குதறாதவரை.

ஈரக்கை:
எல்லோரும் எதை வாங்குவது என்றே பேசுகிறீர்கள், கழுவுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நிறையப் பறவைகள் ஒரே இடத்தில் தின்றால் நோயும் அங்கேயே கைமாறும். பிரிட்டனில் பச்சைப் பிஞ்ச் என்ற தோட்டப் பறவைக்கு 2005 வாக்கில் ட்ரைக்கோமோனோசிஸ் தொற்றியது, தொண்டையைப் பாதிக்கும் ஒட்டுண்ணி நோய், எச்சில் பட்ட தீனியிலும் தண்ணீரிலும் பரவுவது. சாதாரணமாகத் தோட்டத்துக்குத் தோட்டம் தெரிந்த பறவை, 2021-இல் அந்த நாட்டின் சிவப்புப் பட்டியலுக்கே, அதாவது மிகவும் கவலைக்குரிய பறவைகளின் பட்டியலுக்கே போய்விட்டது. புறாக்களிடமும் இந்த ஒட்டுண்ணி உண்டு, அதனால் புறா மிதித்து எச்சமிட்ட தட்டிலேயே சின்னப் பறவைக்கும் போடுவது நல்லதல்ல.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது ஃபீடரைப் பிரித்துத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுதாகக் காய்ந்த பிறகுதான் திரும்ப நிரப்ப வேண்டும். ஆகவே பிரிக்க முடியாத ஃபீடரை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள், மூலையில் அடைந்த ஈர விதையை எடுக்கவே முடியாது. சிறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரிச் சுருண்டு, ஆள் கிட்டே போனாலும் பறக்காமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் உடனே தீனியை நிறுத்தி, ஃபீடரை இரண்டு வாரமாவது கழற்றி வையுங்கள்.

பால் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள லாக்டோஸைப் பறவையால் செரிக்க முடியாது. ரொட்டி விஷமல்ல, வயிற்றை நிரப்பும், சத்து கிடையாது, பூஞ்சை பிடித்தால் ஆபத்து. உப்புப் போட்டது எதுவும் கூடாது. நிலக்கடலை வைப்பதானால் பூஞ்சை இல்லாததாகப் பாருங்கள், அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு பறவையைக் கொன்றுவிடும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் முழுக்கடலை வேண்டாம், குஞ்சின் தொண்டையில் சிக்கும், உடைத்துப் போடுங்கள்.

செம்பருத்தி:
தேன்சிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கண்டங்களில் ஹம்மிங்பறவைக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர் என்று கலந்து வைப்பார்கள், அதே கணக்குத் தேன்சிட்டுக்கும் சரிவரும். தேன், வெல்லம், செயற்கை இனிப்பு, சாயம் எதுவும் சேர்க்கக் கூடாது. வெயில் காலத்தில் ஒரே நாளில் புளித்துவிடும், தினமும் கொட்டிக் கழுவ முடியுமென்றால் மட்டும் இறங்குங்கள். என்னைக் கேட்டால் குழல் வடிவப் பூப்பூக்கும் செடி இரண்டு வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். அந்தச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தேன்சிட்டு குஞ்சுக்குத் தேனா ஊட்டுகிறது, புழுவும் சிலந்தியும்தான். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூட முதல் நாட்களில் பூச்சிதான் கொண்டுபோய்க் கொடுக்கும்.

தண்ணீரை மறந்துவிட்டீர்களே! தீனியைத் திரும்பிப் பார்க்காத பறவைகூடக் குளிக்க வரும். 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகக் கூடாது, அடிப்பாகம் சொரசொரப்பாக இருக்கட்டும், வழவழப்பான பாத்திரமென்றால் நடுவில் ஒரு கல்லைப் போடுங்கள்.

கொல்லைப்புறத்தான்:
எல்லோருக்கும் நன்றி. தட்டை எடுத்துவிட்டேன். குழாய் ஃபீடரும் தினையும் வாங்கப் போகிறேன், கூண்டு பிறகு பார்க்கலாம். எங்கே தொங்கவிடுவது என்பதுதான் குழப்பம், ஜன்னலுக்கு நேரே வைத்தால் உள்ளிருந்து பார்க்கலாமே என்று ஆசை.

விதைபொறுக்கி:
ஜன்னல் கண்ணாடியில் மோதிச் சாகும் பறவைகள் ஏராளம். வைப்பதானால் ஒரு மீட்டருக்குள் ஒட்டி வையுங்கள், பதறிக் கிளம்பினாலும் மோதும் அளவுக்கு வேகம் எடுக்காது, இல்லையென்றால் 10 மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள். நடுவில் இருப்பதுதான் மோசமான தூரம். ஆனால் உங்களுக்கு நான் சொல்வது புதர்ப் பக்கம்தான், அவை ஏற்கெனவே நம்பும் இடம் அது. புதருக்குள்ளேயே வேண்டாம், பூனை பதுங்கும். 3 மீட்டர் தள்ளி, ஒரே மூச்சில் பறந்து ஒளியும் தூரத்தில். சில வாரம் ஒன்றுமே வராமல் போகலாம், அதற்குள் இடத்தை மாற்றி மாற்றித் தொங்கவிடாதீர்கள், ஒரு குருவி கண்டுபிடித்துவிட்டால் மற்றவை பின்னாலேயே வரும்.