தம்பிக்கு டெரிடோரியல் ஆர்மி (டி.ஏ.) எம்பாடிமென்ட் ஆர்டர், கம்பெனி ‘ரிசைன் பண்ணிட்டுப் போ’ என்கிறது. போலீஸ்காரர் டி.ஏ.வில் சேரலாமா?

கொருக்குப்பேட்டை அண்ணன்:

தம்பி மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், ஆறு வருஷம் ஆகிறது. கூடவே டெரிடோரியல் ஆர்மியிலும் (பகுதிநேரமாகச் சேவை செய்யும் பிராந்திய ராணுவம்) இருக்கிறான், கோயம்புத்தூர் 110 பட்டாலியன். இதுவரை வருஷா வருஷம் கேம்ப் மட்டும்தான். இப்போது எம்பாடிமென்ட் ஆர்டர் (முழுநேர ராணுவப் பணிக்கான அழைப்பு) வந்திருக்கிறது, 12 நாளில் ரிப்போர்ட் பண்ண வேண்டும். கம்பெனியில் காட்டினால், “எத்தனை மாசம் ஆகும்னு தெரியாது, ரிசைன் பண்ணிட்டுப் போ, வந்தா பாத்துக்கலாம்” என்கிறார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம், கைக்குழந்தை. பைக் லோன், பர்சனல் லோன் இரண்டும் ஓடுகிறது. கிளம்புவதற்குள் என்னென்ன முடிக்க வேண்டும்?

இன்னொன்று. எங்கள் சித்தப்பா பையன் ஆயுதப்படையில் கிரேடு 2 கான்ஸ்டபிள். தம்பியைப் பார்த்து அவனுக்கும் டி.ஏ. ஆசை வந்துவிட்டது. போலீஸில் இருந்துகொண்டே சேர முடியுமா?

ஹவில்தார் கிளார்க்:

ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ‘சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு எந்தச் சட்டத்தைக் காட்டினாலும் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

1948ஆம் ஆண்டு பிராந்திய ராணுவச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு இதற்காகவே இருக்கிறது. ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டவரை, பணி முடிந்ததும் பழைய நிலைக்குக் குறையாத வேலையில், குறையாத நிபந்தனைகளோடு திரும்ப எடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. அரசு, தனியார் எல்லோருக்கும் பொருந்தும். அழைப்பு உத்தரவு வந்த பிறகு வேலையை விட்டு நிறுத்தினால், கடமையிலிருந்து தப்பிக்கவே நிறுத்தினார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். மறுத்தால் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் போகலாம். அவர் வேலையில் சேர்க்கச் சொல்லலாம், அல்லது ஆறு மாதச் சம்பளத்துக்கு மிகாமல் இழப்பீடு தரச் சொல்லலாம். அதையும் கேட்காவிட்டால் அபராதம், அதிகபட்சம் 1,000 ரூபாய். (மணலியில் ஒரு கம்பெனியை மிரட்ட 1,000 ரூபாய் எந்த மூலைக்கு? ஆறு மாதச் சம்பளத்தைச் சொன்னால்தான் கணக்குப் பிரிவு காது கொடுக்கும்.) நிலைமை மாறிவிட்டது, சேர்க்க வழியில்லை என்று முதலாளி நிரூபித்தால் விலக்கும் கிடைக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

பெரும்பாலும் கோட்டை விடுவது இரண்டு மாதக் கெடுவில். டிஸ்எம்பாடி ஆன (ராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட) நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் திரும்பச் சேர விண்ணப்பிக்கவில்லை என்று காட்டினாலே முதலாளி தப்பித்துவிடுவார். நேரில் போய் ‘வந்துட்டேன் சார்’ என்று சொல்வது விண்ணப்பம் ஆகாது. எழுத்தில், டெலிவரி ஆதாரத்தோடு ஸ்பீட் போஸ்ட்டில் போக வேண்டும்.

கிளம்பும் முன் கொடுக்கும் கடிதம் நாலு வரி போதும்: “... தேதியிட்ட உத்தரவின்படி, ... தேதி முதல் பிராந்திய ராணுவச் சட்டம் 1948இன் கீழ் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டுள்ளேன். இது ராஜினாமா அல்ல. பணி முடிந்ததும் இதே வேலைக்குத் திரும்புவேன். அதுவரை என் பெயரைப் பணியாளர் பட்டியலில் வைத்திருக்க வேண்டுகிறேன்.” ஆர்டர் நகலில் ரிப்போர்ட் தேதியும் யூனிட் முத்திரையும் தெரிந்தால் போதும், எங்கே அனுப்புகிறார்கள் என்ற விவரம் இருந்தால் மறைத்துவிடுங்கள். முழு ஆர்டரைக் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது. பட்டாலியன் அட்ஜுடன்ட் (நிர்வாகம் பார்க்கும் அதிகாரி) ஆபீஸிலிருந்து முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நாம் பத்து முறை பேசுவதைவிட அந்த லெட்டர்ஹெட் ஒன்று வேலை செய்யும்.

‘எத்தனை மாசம்’ என்ற கேள்விக்கு: 2025 மே 6 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக உத்தரவில், 32 காலாட்படை டி.ஏ. பட்டாலியன்களில் 14ஐ எம்பாடி செய்ய அனுமதி இருக்கிறது. அதன் காலம் 2025 பிப்ரவரி 10 முதல் 2028 பிப்ரவரி 9 வரை. அதனால் கேம்ப் போல ஒரு மாதத்தில் வந்துவிடுவான் என்று கம்பெனிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

ரயில் வாரண்ட் (ராணுவச் செலவில் பயணிப்பதற்கான சீட்டு) வந்திருந்தால் அதைக் கொடுத்து டிக்கெட்டாக மாற்றிக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும், வெறும் வாரண்டோடு ஏறினால் டி.டி.ஆர். விட மாட்டார். சென்ட்ரலில் எம்.சி.ஓ. (ராணுவத்தினரின் பயண ஏற்பாட்டு அலுவலகம்) இருக்கிறது, இரண்டு நாள் முன்பே போங்கள்.

டைம் ஆபீஸ்:

சம்பளத்தைப் பொறுத்தவரை, எம்பாடி ஆன காலத்துக்கு ராணுவம்தான் தரும். தனியார் கம்பெனி தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை, அதற்காகச் சண்டை போட்டு உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சண்டை போட வேண்டிய இடம் பி.எஃப். அதே சட்டத்தின் 7பி பிரிவு, ராணுவப் பணியில் இருக்கும்போது பி.எஃப். உரிமைகளைக் காக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்றால், ஆள் வரவில்லை என்றதும் பேரோல் பையன் போர்ட்டலில் ‘டேட் ஆஃப் எக்ஸிட்’ (வேலை விட்ட தேதி) தட்டிவிடுவான். அதற்குப் பதில் மாதாந்திர இ.சி.ஆர்.இல் (கம்பெனி தாக்கல் செய்யும் பி.எஃப். கணக்கு) சம்பளம் பூஜ்யம், அந்த மாத நாள்கள் முழுக்க என்.சி.பி. (சந்தா இல்லாத நாள்கள்) என்று காட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். எக்ஸிட் விழுந்தால் சர்வீஸ் அறுந்து காட்டும், இ.டி.எல்.ஐ. இன்சூரன்ஸும் (பி.எஃப்.போடு வரும் ஆயுள் காப்பீடு, 7 லட்சம் வரை) போகும். திருத்த ஜாயின்ட் டிக்ளரேஷன் (கூட்டு உறுதிமொழிப் படிவம்) போட வேண்டும், அதற்கும் கம்பெனி ஒப்புதல் தேவைப்படலாம். மாதம் ஒருமுறை பி.எஃப். (யு.ஏ.என்.) பாஸ்புக்கை வீட்டில் யாராவது திறந்து பார்த்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

இ.எஸ்.ஐ. இருந்தால், சம்பளம் இல்லாத மாதங்களில் சந்தா ஏறாது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆறு ஆறு மாதக் கணக்கு. ஏற்கெனவே கட்டிய சந்தாவுக்கான பலன் காலம் முடிந்ததும் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சிகிச்சை உரிமை நின்றுவிடும். எம்பாடி ஆனவரின் மனைவி, குழந்தைக்கு ராணுவ மருத்துவமனை உண்டு. சென்னையில் அது நந்தம்பாக்கம் பக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஆலந்தூர் வரை போய் அங்கிருந்து ஆட்டோ.

ஹவில்தார் கிளார்க்:

டைம் ஆபீஸ் சொன்ன ராணுவ மருத்துவமனைக்கு ஒரு முன்நிபந்தனை: கல்யாணமும் குழந்தையும் பார்ட் டூ ஆர்டரில் (ராணுவத்தில் ஒருவரின் சொந்த விவர மாற்றங்களைப் பதியும் உத்தரவு) ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் டிபெண்டன்ட் கார்டு வராது. டி.ஏ.வில் சேரும்போது பிரம்மச்சாரியாக இருந்தவர்களுக்கு இதுதான் பெரிய ஓட்டை. கிண்ட்ரெட் ரோலில் (குடும்பத்தார் பட்டியல்) இன்னும் அம்மா பெயர் மட்டும்தான் நிற்கும், மனைவி அங்கே இல்லவே இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு மாட்டுவது இனிஷியல். என்ரோல்மென்ட் படிவத்தில் ‘ரமேஷ் கே’, ஆதாரில் ‘கே. ரமேஷ்’, திருமணப் பதிவுச் சான்றில் ‘ரமேஷ் குமார்’ என்றிருந்தால் கிளார்க் திருப்பி அனுப்பிவிடுவார். குழந்தையின் பிறப்புச் சான்றில் அப்பா பெயர் ராணுவப் பதிவில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் திருத்த மனு இந்த 12 நாளுக்குள் போட்டாக வேண்டும். திருமணப் பதிவுச் சான்று, பிறப்புச் சான்று, மனைவியின் ஆதார், பான், ஜாயின்ட் அக்கவுன்ட் பாஸ்புக் எல்லாம் அசலும் மூன்று நகலும் தம்பி பையிலேயே போகட்டும்.

லோனுக்கு: அவன் ரிப்போர்ட் ஆனது பார்ட் டூவில் வந்து, வெலிங்டன் பே ஆபீஸில் ஏறி, பிறகுதான் சம்பளம். முதல் மாதமே வரும் என்று நம்ப வேண்டாம். இ.எம்.ஐ. பழைய சம்பளக் கணக்கிலிருந்துதான் பிடிக்கும், அங்கே இனி சம்பளம் விழாது. இரண்டு லோனுக்கும் இரண்டு மாதத் தொகையை அந்தக் கணக்கில் போட்டுவைத்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

ஆயுதப்படை:

சித்தப்பா பையன் கேள்விக்கு: முடியாது. டி.ஏ. ஆள்சேர்ப்பு விதியிலேயே முப்படை, போலீஸ், துணை ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கு இடமில்லை. டி.ஏ.வைக் கூப்பிடும் சூழ்நிலை வந்தால் அதே நாளில் போலீஸுக்கும் லீவு ரத்து, ஒரே ஆளை இரண்டு இடத்தில் கணக்குக் காட்ட முடியாது. தவிர, நடத்தை விதிகளின்படி அனுமதியில்லாமல் வேறு பணி பார்த்தால் துறை நடவடிக்கை. என்.ஓ.சி.க்கு மனு எழுதி எழுத்தரிடம் திட்டு வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தலைகீழாக நடப்பதுதான் அதிகம்: டி.ஏ.வில் இருக்கும் பையனுக்கு டி.என்.யு.எஸ்.ஆர்.பி. (சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வில் போலீஸ் வேலை கிடைக்கும். அப்போது பயிற்சிப் பள்ளியில் சேர்வதற்கு முன் டி.ஏ.விலிருந்து டிஸ்சார்ஜ் வாங்கிவிட வேண்டும், சரிபார்ப்புப் படிவத்தில் டி.ஏ. சேவையை மறைக்கக் கூடாது. இன்னொரு தவறான நம்பிக்கை, டி.ஏ. என்றாலே 5 சதவீத முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு உண்டு என்பது. டி.ஏ.வில் தொடர் எம்பாடி சேவைக்கு ஓய்வூதியம் பெறுபவர், ராணுவப் பணியால் ஊனமுற்றவர், வீரப் பதக்கம் பெற்றவர் ஆகியோர்தான் முன்னாள் படைவீரர். நாலு கேம்ப் போனவர் அதில் வர மாட்டார்.

கொருக்குப்பேட்டை அண்ணன்:

ரொம்ப நன்றி அண்ணே. இப்போதுதான் பி.எஃப். பாஸ்புக் பார்த்தோம். கம்பெனி பெயர் இல்லை, ஏதோ ஒரு என்டர்பிரைசஸ் பெயர் இருக்கிறது. பேஸ்லிப்பிலும் அதே.

டைம் ஆபீஸ்:

அப்படியென்றால் தம்பி கான்ட்ராக்ட் ஆள், அவனுடைய முதலாளி அந்த என்டர்பிரைசஸ்தான். கடிதம் அந்தப் பெயருக்குத்தான் போக வேண்டும், கம்பெனி எச்.ஆர்.க்கு நகல். கம்பெனிக்கு மட்டும் கொடுத்தால் ‘எங்கள் ஆளே இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். அட்ஜுடன்ட் கடிதத்திலும் இரண்டு பெயரும் வரட்டும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கான்ட்ராக்ட் மாறும்போது புது கான்ட்ராக்டர் பழைய ஆட்களின் லிஸ்ட்டை வாங்கி அப்படியே எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த வாரம் கேட்டுக்குள் வராதவன் பெயர் லிஸ்ட்டில் இருக்காது, அதற்குப் பிறகு பழைய கான்ட்ராக்டரிடம் சேர்க்கச் சொன்னால் அவனிடம் வேலையே இருக்காது. அதனால் ஒர்க் ஆர்டர் எந்தத் தேதியில் முடிகிறது என்று சூப்பர்வைசரிடம் இப்போதே கேட்டுக் குறித்து வையுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, தம்பி பெயரை லிஸ்ட்டில் சேர்க்கச் சொல்லி நீங்களே இரண்டு இடத்துக்கும் இன்னொரு கடிதம் அனுப்புங்கள், ஆர்டர் நகலோடு.

கேட் பாஸைத் திருப்பிக் கேட்பார்கள். கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீதில் ‘ராணுவப் பணி காரணமாக’ என்று எழுதி செக்யூரிட்டி ஆபீஸ் சீல் வாங்குங்கள். ‘வேலை விட்டு நின்றார்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்துவிடட்டும்.