வாடகை வீட்டில் கேழ்வரகு கேக்கும் ஆணி அடிக்காத சுவரும்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாடகை வீட்டின் சமையலறையில் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் மட்டுமே இருப்பதாலும், 1500 வாட் ஓவனை அதில் இயக்குவது பாதுகாப்பில்லை என்பதாலும், கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிய குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, கேழ்வரகு மாவும் வெல்லமும் சேர்த்துக் குழந்தைகளுக்குக் கேக் செய்து தருகிறேன். கேழ்வரகில் மாவைப் பிணைக்கும் குளூட்டன் என்ற புரதம் இல்லாததால் துண்டு போடும்போதே உதிர்ந்துவிடுகிறது. பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்தால் உதிர்வதில்லை. ஆனால் கேழ்வரகின் அந்த மணம் அடங்கிப்போவதை மனம் ஏற்கவில்லை. மைதாவும் முட்டையும் இல்லாமல் மாவைப் பிணைக்க, ஆளிவிதைப் பொடியை எந்த அளவில் சேர்க்கலாம் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.

மற்றொன்று, ஆணி அடிக்க வீட்டு உரிமையாளர் அனுமதிப்பதில்லை. டிஸ்டெம்பர் சுவரில் ஒட்டும் கொக்கிகளோ வண்ணத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகின்றன. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைக் கூடத்தில் சுவர் அலங்காரத் திரை போலத் தொங்கவிட, 500 ரூபாய்க்குள் வேறு வழி உண்டா?