ஸ்டோர்ல வச்ச வீட்டுச் சாமானுக்குக் காப்புறுதி போட்டவங்க இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

கல்லடியில எங்கட பழைய வீட்ட இடிச்சுக் கட்டுறம். அதுவரைக்கும் சாமான்களை ஆரையம்பதிப் பக்கம் ஒரு ஸ்டோர் அறையை மாத வாடகைக்கு எடுத்துப் பூட்டி வச்சிருக்கன். ஃபிரிட்ஜ், தையல் மெசின், அம்மாட தேக்கு அலுமாரி, கட்டில்கள்... எப்படியும் 12 லட்சம் வரும். (அலுமாரிக்கு அம்மா சொல்ற விலையை எந்தக் கம்பனியும் ஏற்காது.)

ஸ்டோர்காரர் கட்டடத்துக்கு மட்டும்தான் காப்புறுதி எடுத்திருக்காராம். உள்ளுக்க இருக்கிற சாமானுக்கு அவர் பொறுப்பில்லை எண்டு ஒப்பந்தத்திலயே இருக்கு. நான்தான் வாசிக்காம கையெழுத்து வச்சிட்டன். எங்கட வீட்டுக் காப்புறுதியும் பத்திரத்தில உள்ள விலாசத்துக்குத்தானாம்.

ஒரு ஏஜென்ட் தம்பி, "பிரீமியம் குறையும், 6 லட்சத்துக்குப் போடுங்க அக்கா" எண்டார். பிறகுதான் விளங்கினது: 12 லட்சச் சாமானைப் பாதி பெறுமதிக்குப் போட்டா, நட்டத்திலயும் பாதிதான் தருவாங்க. 2 லட்சத்துக்குச் சாமான் பழுதானா கைக்கு வாறது 1 லட்சம். நல்ல காலம், கையெழுத்து வைக்கல்ல.

கார்த்திகை மழை கிட்ட வந்திட்டு. 1978 சூறாவளியைக் கண்ட அம்மா, வெள்ளமும் புயலும் சேரணும் எண்டு ஒரே பிடி.

தீக் காப்புறுதியோட இந்த ரெண்டையும் சேர்த்து, வாடகை ஸ்டோர் விலாசத்துக்கே எடுத்தவங்க இருந்தா சொல்லுங்க. ரசீது இல்லாத பழைய சாமானுக்கு என்ன காட்டினீங்க? போட்டோ எடுத்து வச்சிருக்கன், அது காணுமா? மட்டக்களப்பு, கல்முனை எங்க எண்டாலும் பரவாயில்ல, இன்பொக்ஸ்ல போடுங்க.