தலசீமியா பிள்ளைக்கு ஸ்கூல்ல நீல மாத்திரை

சேலத்து_அம்மா:
மூத்தவளுக்கு தலசீமியா மேஜர் (பிறவியிலேயே ரத்தம் சரியா ஊறாத நோய், அடிக்கடி ரத்தம் ஏத்தணும்), எட்டாவது படிக்கிறா. வாராவாரம் ஸ்கூல்ல தர்ற நீல இரும்புச்சத்து மாத்திரை தெரியும்ல? டிபன் பாக்ஸ் கொடுக்கப் போனேன். வாய்க்குள்ள மாத்திரையை அடக்கிக்கிட்டு நிக்கிறா, டீச்சர் எதிர்ல நின்னு "முழுங்கு, முழுங்கு"ங்கிறாங்க. என்னைப் பார்த்ததும் கையில துப்பிட்டா. உள்ளங்கை முழுக்க நீலம். டீச்சர் கேக்கிறாங்க: "ஹீமோகுளோபின் ஒன்பதுதானே, இவளுக்குத்தானேம்மா முதல்ல தரணும்?" அவங்க மேல கோபப்படவும் முடியல. ரத்தம் கம்மின்னா இரும்பு கம்மின்னுதான் ஊரே நம்புது. இவளுக்கு ஏத்துற ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடயும் 200 மில்லிகிராமுக்கு மேல இரும்பு உள்ள போகுது. உடம்பு தானா வெளியேத்துறது நாளுக்கு ஒண்ணு ரெண்டு மில்லிகிராம். மிச்சம் கல்லீரல்லயும் இதயத்துலயும் போய்த் தங்கும். அதை இறக்கத்தான் தினம் வெறும் வயித்துல மருந்து கரைச்சுக் கொடுக்கிறோம்.

டயாலிசிஸ்_அப்பா:
அந்த மாத்திரையில இருக்கிற இரும்பு 60 மில்லிகிராம்தாங்க. அதுலயும் குடல் கொஞ்சம்தான் இழுக்கும். இதுக்குப் போய் இவ்வளவு பதட்டமா? எங்க வீட்டுல வில்லன் பொட்டாசியம். பையனைப் பார்க்க வந்த பெரியப்பா, "ஒண்ணுக்குப் போகலைன்னா இளநிதான்டா மருந்து"ன்னு வெட்டிக் கொண்டாந்துட்டார். பையன் ஸ்ட்ராவை வாயில வச்சிட்டான். பிடுங்கி வாஷ்பேசின்ல ஊத்தினேன். கிட்னி வேலை செய்யாதவனுக்கு இளநில இருக்கிற பொட்டாசியம் ஏறினா இதயமே நின்னுடும்னு அவருக்கு எப்படிச் சொல்ல? பெரியப்பா அதுக்கப்புறம் வீட்டுப் பக்கமே வரல.

ஸ்டீராய்டு_வீட்டம்மா:
என் பொண்ணுக்கு நெஃப்ராட்டிக் (கிட்னி வழியா புரதம் ஒழுகுற நோய்). ஸ்டீராய்டுல முகம் உப்பி, குரூப் போட்டோவுல "இதுல நான் எங்கம்மா?"ன்னு கேட்டா. என் கதை அவ்வளவுதான்.
டயாலிசிஸ் அப்பா, பையனுக்கு கால்சியம் கார்பனேட் எழுதியிருந்தா சாப்பாட்டோட சேர்த்துக் கொடுங்க. ராத்திரி படுக்கும்போது கொடுத்தா சாப்பாட்டுல இருக்கிற, கிட்னியால வெளியேத்த முடியாத பாஸ்பரஸைப் பிடிக்காது. அந்த வேலைக்குத்தான் அதை எழுதறதே. கோலா கூடவே கூடாது, அதுல பாஸ்பாரிக் ஆசிட். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, பொடிசா நறுக்கி, நிறைய தண்ணில வேகவச்சு, பொட்டாசியம் இறங்கின அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. கடையில "சோடியம் கம்மி"ன்னு விக்கிற உப்பை வாங்கிடாதீங்க. சோடியத்தை எடுத்துட்டு அதுல போடறதே பொட்டாசியம். கேழ்வரகு எலும்புக்கு நல்லதுன்னு யாராவது சொல்வாங்க, அதுல பாஸ்பரஸும் இருக்கு, டயட்டீஷியனைக் கேக்காம கொடுக்காதீங்க. சேலத்து அம்மா, நீங்க சாப்பாட்டோட டீ கொடுங்க, இரும்பு ஒட்டுறது குறையும். வைட்டமின் சி மாத்திரை டாக்டர் சொல்லாம வேண்டாம்.

டயாலிசிஸ்_அப்பா:
பைண்டர், அதான் அந்தக் கால்சியம் கார்பனேட், எப்பக் கொடுக்கணும்னு நான் கேக்கவே இல்லையேம்மா.

சேலத்து_அம்மா:
டீ ரொம்ப நாளா கொடுக்கிறோம். டயாலிசிஸ் அப்பா, குடல் கொஞ்சம்தான் இழுக்கும்கிறது மத்த பிள்ளைங்களுக்கு. தலசீமியாவுல ஹீமோகுளோபின் இறங்க இறங்க குடல் இன்னும் கூடுதலா இழுக்கும். தலசீமியா மேஜருக்கும், அடிக்கடி ரத்தம் ஏத்துறவங்களுக்கும் தரக்கூடாதுன்னு அந்த இரும்பு மாத்திரைத் திட்டத்தோட வழிகாட்டுதல்லயே இருக்கு. டாக்டர் லெட்டர் கையில இருக்கு. டீச்சர்கிட்ட கொடுத்தா அடுத்த வருஷம் வேற டீச்சர் வருவாங்க. ஹெச்.எம். கிட்ட கொடுத்தா அது ஃபைலோட போயிடும். உங்க ஸ்கூல்ல எல்லாம் யார்கிட்ட கொடுத்தீங்க?