ஜான் ஸ்னோவின் தாய் யார்? நெல்லைச் சீமையில் கேட்ட பதில்கள்

பாளையங்கோட்டையிலிருந்து, தொடங்கி வைப்பவர்:

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ கற்பனை நாவல் வரிசையில் ஐந்தாம் புத்தகம் 2011இல் வந்தது. ஆறாவதற்கு இன்னும் காத்திருக்கிறோம். இதற்குள் உலகத்து வாசகர்கள் எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு வரியையும் சலித்து, எல்லா ஊகங்களையும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அவற்றை இங்கே திரும்ப எழுத வேண்டாம். நம் பக்கத்து மனிதர் ஒருவர் இந்தக் கதையைப் படித்தோ கேட்டோ உங்களிடம் நேரில் என்ன சொன்னார், அதை எழுதுங்கள். ஐந்து புத்தகங்களின் முடிச்சுகளும் கீழே அவிழும். படிக்காதவர்கள் இத்தோடு எழுந்துவிடுவது நல்லது.

என்னுடையது தென்காசி பஸ்ஸில் நடந்தது. பக்கத்து இருக்கை இளைஞர் மூன்றாம் புத்தகத்தை மடியில் விரித்திருந்தார். இடது பக்கம் இருந்த தாள்களின் பருமனைப் பார்த்தே எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. “கல்யாண வீடா, தம்பி?” என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். ஆலங்குளம் தாண்டியதும் புத்தகத்தை மூடினார். ஆனால் ஒரு விரல் உள்ளேயே இருந்தது.

“அண்ணாச்சி, அந்த அம்மாள் மகனிடம் சொல்லி, கேட்டு வாங்கி, ரொட்டியும் உப்பும் சாப்பிட வைத்தாளே. சாப்பிட்ட பிறகுமா?”

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பழமொழி சாப்பிட்டவனைக் கட்டுகிறது. மார்ட்டினின் உலகத்தில் உப்பு போட்டவனையும் சேர்த்துக் கட்டும். அதனால்தான் கல்யாண விருந்துக்கு வந்தவர்களையே கொன்ற வால்டர் ஃப்ரே செய்தது அங்கே கொலையைவிடப் பெரிய பாவம். இதைச் சொன்னேன். “போட்டவனே கொல்வான் என்று பழமொழி சொன்னவருக்குத் தோன்றியிருக்காது” என்றார் அவர். ஸ்காட்லாந்தில் 1440இல் நடந்த ஒரு விருந்துக் கொலையையும், 1692இல் கிளென்கோவில் விருந்தாளிகளாக வந்து தங்கியவர்களே வீட்டுக்காரர்களை வெட்டியதையும் வைத்துத்தான் மார்ட்டின் இதை எழுதினார் என்று சொல்லிப் பார்த்தேன். உண்மையாகவே நடந்தது என்று தெரிந்தால் மனம் ஆறும் என்று நான் ஏன் நினைத்தேனோ! பாவூர்சத்திரம் வரை அவர் பேசவில்லை.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

எங்கள் ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்று வந்த தொலைக்காட்சித் தொடரையும் பார்த்தவள் இல்லை. நான் முதல் புத்தகம் படித்த நாட்களில், அவள் அப்பளம் இடும் பலகைக்கு எதிரே உட்கார்ந்து அன்றன்று படித்ததைச் சொல்வேன். அதற்குக் கூலி, நல்லெண்ணெய் தொட்ட பச்சை உளுந்து மாவில் ஓர் உருண்டை. பிரண்டைச் சாறும் பெருங்காயமும் நாக்கில் ஏறும்போது கதை இன்னும் வேகமாக வரும்.

நெட் ஸ்டார்க் போரிலிருந்து திரும்பும்போது ஜான் ஸ்னோ என்ற கைக்குழந்தையோடு வந்தான், தன் பிள்ளை என்றான், தாய் யார் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பளக் குழவி நின்றது.

“ஏட்டி, நில். இந்த நெட் எப்படிப்பட்ட ஆள்?”

“பொய் சொல்லாதவர், ஆச்சி.”

“அவனுக்குக் கூடப்பிறந்தவள் யாரும் உண்டா?”

லையன்னாவைப் பற்றிச் சொன்னேன். அந்த நாட்டு இளவரசன் ரேகர், பந்தயத்தில் ஜெயித்துவிட்டு, தன் மனைவியை விட்டுவிட்டு அவள் மடியில் நீலநிற ரோஜா மாலையை வைத்ததையும், பிறகு அவளைக் கொண்டுபோனதையும், ஒரு கோபுரத்தில் அவள் சாகும்போது அண்ணனிடம் ஏதோ சத்தியம் வாங்கிக்கொண்டதையும் சொன்னேன். வாசலில் ராஜாவின் மெய்க்காவலர் மூன்று பேர் கடைசிவரை நின்று சண்டையிட்டுச் செத்தார்கள் என்றதும் ஆச்சி சிரித்துவிட்டாள்.

“ராஜா வீட்டுக் காவல்காரன் சும்மா ஒரு பெண்ணுக்காகவா நிற்பான்? உள்ளே பிள்ளை இருந்திருக்கும். இவன் தங்கச்சி பிள்ளையைத் தன் பிள்ளை என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.”

“அப்படியானால் மனைவியிடமாவது சொல்லியிருக்கலாமே?”

“புது ராஜாவுக்கு அந்த வம்சத்துப் பிள்ளைகள் ஆகாது என்று நீதானே சொன்னாய்? கம்சன் ஆளுகிற ஊரில் கிருஷ்ணனைக் கிருஷ்ணன் என்று சொல்லியா வளர்ப்பார்கள்?”

சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை எடுத்துக்கொண்டாள். நான்தான் வாயில் மாவோடு உட்கார்ந்திருந்தேன். முதல் புத்தகம் வெளிவந்தது 1996இல். வாசகர்கள் வருடக்கணக்கில் துப்பு சேர்த்து நிறுவிய ஊகம் இது. தொடரை எடுக்க வந்த பெனியோஃபும் வைஸும் முதல் சந்திப்பில் மார்ட்டினிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்ட பிறகு, அவர் திருப்பிக் கேட்டது இந்த ஒன்றைத்தான்: ஜானின் தாய் யார்? அவர்கள் சரியாகச் சொன்னார்கள். ஆச்சிக்கும் அந்த உரிமையைக் கொடுத்திருக்கலாம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து:

ஆச்சியின் கணக்கு சரிதான். 2016இல் தொடரும் அதையே சொல்லிவிட்டது. புத்தகத்தில்தான் இன்னும் வெளிப்படையாக வரவில்லை. எனக்கு இருப்பது வேறு வருத்தம். அதை எனக்குள் போட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர், இப்போது முழங்கால் வலியால் நிறுத்திவிட்டார்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அங்கே பட்டவராயன் சன்னதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். அவன்தான் முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்து, வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் காட்டில் கண்டு, அவர்களைக் கட்டுவதற்காகக் குடுமியையும் பூணூலையும் விட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டவன். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவன். சாதியை உதறிய ஒருவனுக்குச் செருப்பே காணிக்கை என்பதைவிட நேரான வழிபாடு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இந்தக் கதையில் ஒரு கிளை உண்டு. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள்தான், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று அது சொல்லும். கதையைப் பதிப்பித்த நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை, இது பின்னால் ஒட்டப்பட்டது என்று கருதினார். மேல்சாதிக்காரர்களுக்குத் தொண்டையில் இறங்க வேண்டும் அல்லவா?

பெரியவரிடம் ஜான் ஸ்னோவின் கதையை நான் மிகுந்த உற்சாகத்தோடு சொன்னேன். கள்ளத்தில் பிறந்தவன் என்று எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன், வடக்கே பனிச்சுவர்க் காவலில் சேர்ந்தவன், அங்கே காவலர்கள் வாக்குப் போட்டுத் தலைவனாக்கியவன். கடைசியில் “அவன் உண்மையில் ராஜகுமாரன்” என்று நான் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

“வாக்கு வாங்கி வந்தவன்தானே, அது போதாதா? அங்கேயும் ஒட்டிவிட்டார்களா?”

அன்றிலிருந்து அந்த ஊகத்தை என்னால் பழைய மகிழ்ச்சியோடு படிக்க முடிவதில்லை. சரியாக இருக்கும் என்பதுதான் எரிச்சல். தெருப்பிள்ளை ஒருவன் தன் கையால் மேலே வந்தால், அவன் ரத்தத்தில் ஏதாவது இருந்திருக்க வேண்டும் என்று தேடுவதில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

வள்ளியூரிலிருந்து:

சின்னதாக ஒன்று. பின்னால் ராணியாகும் செர்சிக்குச் சிறுவயதில் மேகி என்ற கிழவி குறி சொல்கிறாள்: பிள்ளைகள் மூவரும் உனக்கு முன்னால் போவார்கள், தம்பி கையால் கழுத்து நெரிபட்டுச் சாவாய். செர்சி அது தன் தம்பி டிரியன்தான் என்று வாழ்நாள் முழுவதும் அவனை வெறுக்கிறாள். என் மாமா ஜாதகம் எழுதுகிறவர். இதை அவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “அவளுக்கு இரட்டைப் பிறப்பு ஒருவன் இருக்கிறான் என்றாயே, யார் முந்தி?” செர்சி முந்தி, ஜேமி அவள் காலைப் பிடித்துக்கொண்டே வந்தான் என்றேன். “நாழிகை பிந்தினாலும் தம்பி தம்பிதான்” என்று கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். தொடரில் அந்தத் தம்பிக் குறியையே வெட்டிவிட்டார்கள் என்று சொன்னதற்கு, “பலிக்காத குறியை எதற்குச் சொல்ல வேண்டும், விட்டது நல்லது” என்றார்.

மேலப்பாளையத்திலிருந்து:

புத்தகத் திருவிழாக் கடை ஒன்றில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் கட்டாக வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று பேச்சுக் கொடுத்தேன். கல்கி 1950 முதல் 1954 வரை வாரம் வாரம் எழுதி முடித்த பிறகும் வாசகர்கள் அடித்துக்கொள்ளும் கேள்வி அது. உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் இருந்தும் சண்டை ஓய்ந்தபாடில்லை. ராபர்ட் ஜோர்டானின் ‘தி வீல் ஆஃப் டைம்’ வரிசையிலும் இப்படி ஒன்று உண்டு. ஐந்தாம் புத்தகத்தில் அஸ்மோடியன் செத்தான். கொன்றது கிரெண்டல் என்று 2010இல், பதின்மூன்றாம் புத்தகத்தின் சொல்லடைவில் போகிற போக்கில் வைத்தார்கள். அதற்குள் ஜோர்டானே 2007இல் காலமாகிவிட்டார்; பிராண்டன் சாண்டர்சன்தான் முடித்துக் கொடுத்தார். மார்ட்டின் வாசகர்கள் இதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. நானும் இத்தோடு விடுகிறேன்.

பெரியவர் சொன்னது வேறு. “கொன்றது யார் என்று கேட்கிறாய். வீரபாண்டியன் தலையை அவன் வெட்டியதற்குப் பாண்டி நாட்டில் யாராவது கேட்டோமா? பாண்டியனின் மெய்க்காவலர்களான அந்த ஆபத்துதவிகள் பக்கமிருந்து ஒரு பாகம் எழுதியிருந்தால் நான் அதைத்தான் முதலில் வாங்குவேன்.” தாமிரபரணிக் கரையில் நின்று சோழ இளவரசனுக்காக அழுதவன் நான், எனக்கு இது உறைத்தது. மார்ட்டினிடம் எனக்குப் பிடித்ததும் இதுதான். சிறுவனை ஜன்னலிலிருந்து தள்ளிவிட்ட ஜேமிக்கு மூன்றாம் புத்தகத்தில் தனி அத்தியாயங்கள் கொடுத்து, அவன் பக்கத்தையும் கேட்க வைத்துவிடுகிறார்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மறுபடியும்:

விக்கிரமசிங்கபுரம் அண்ணாச்சிக்கு. உங்கள் பெரியவர் சொன்னதை ஆச்சியிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “அந்தப் பிறப்பால் பையனுக்கு என்ன கிடைத்தது? ராஜ்யமா, சொத்தா? மாமன்காரன் மானம்தான் போனது” என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. முத்துப்பட்டன் கதையில் ஒட்டியது, கல்யாணத்தைக் கௌரவப்படுத்த. இங்கே ரகசியம் யாரையும் உயர்த்தவில்லை. காவலில் சேர்ந்தவன் பட்டம், நிலம், மனைவி எதற்கும் உரிமை கிடையாது என்று சத்தியம் செய்தவன். ஐந்தாம் புத்தக முடிவில் அவனைக் குத்தியவர்களுக்கும் அவன் யார் மகன் என்பது தெரியாது, தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து:

ஆச்சி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு யங் கிரிஃப் இருக்கிறான். ஐந்தாம் புத்தகத்தில், கைக்குழந்தையாக இருக்கும்போதே சுவரில் அடித்துக் கொல்லப்பட்ட ரேகரின் மகன் ஏகான் நான்தான், பிள்ளையை மாற்றிக் காப்பாற்றிவிட்டார்கள் என்று ஒரு பையன் படையோடு வந்து இறங்குகிறானே. அவனுக்குத் துணை வருவது, பிளாக்ஃபயர் என்ற கள்ள வாரிசுக் கிளைக்காகவே ஒரு காலத்தில் திரட்டப்பட்ட கூலிப்படை. அவன் அந்தக் கிளைப் பிள்ளை, ரேகர் மகனே இல்லை என்பது வாசகர்களின் ஊகம். நானும் அந்தக் கட்சிதான். அப்படியானால் ராஜகுமாரன் என்று தெரியாத ஒருவனையும், ராஜகுமாரன் என்று ஒட்டி வளர்க்கப்பட்ட ஒருவனையும் மார்ட்டின் எதிரெதிரே நிறுத்துகிறார். ஒட்டுக் கதை எப்படிச் செய்யப்படுகிறது என்று அவருக்குத் தெரியும். பெரியவரிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் தெளிந்தது. “அந்த இரண்டாமவனுக்கு யார் பாட்டுக் கட்டினார்கள்?” என்று கேட்டார். அரண்மனை ஒற்றர் தலைவன் வாரிஸ் என்றேன். அவனைப் பற்றி இன்னும் சொல் என்று திண்ணையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

களக்காட்டிலிருந்து:

நான் தொடரை மட்டும் பார்த்தவன். 2019இல் கடைசிப் பகுதி வந்த அன்று விடுதி அறையில் கட்டிலுக்கு மேல் கட்டிலாக நாங்கள் உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் சாப்பிடப் போனோம். சாம்பார் வாளி காலியாகும் வரை ஒரே திட்டு. பிறகு புத்தகங்களைத் தொடவே மனம் வரவில்லை. இங்கே எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கலாம் என்று நினைக்கிறேன். கதைதான் தெரியுமே, நான்காம் புத்தகத்திலிருந்து தொடங்கினால் போதுமா?

பாளையங்கோட்டையிலிருந்து:

கூடாது, தம்பி. முதலிலிருந்தே வாருங்கள். அவசரம் என்றால் மூன்றாவதிலிருந்தாவது தொடங்குங்கள். அதன் கடைசி அத்தியாயத்தில் வரும் ஓர் ஆளைத் தொடரில் அடியோடு விட்டுவிட்டார்கள். அது யார் என்று இங்கே யாரும் சொல்லிவிட வேண்டாம்; ஐந்து புத்தக முடிச்சும் அவிழும் என்று நான் எழுதியது இதற்குச் செல்லாது. படித்த அன்றே வந்து எழுதுங்கள்.