புதுப்பிப்பு: ஊடகக் கற்கை முன்னோடிப் பரீட்சையின் விடைத்தாள் கிடைத்தது

உயர்தரத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்தின் முன்னோடிப் பரீட்சையில் கட்டுரை வினாக்களுக்கு நேரம் போதவில்லை என்று சென்ற மாதம் கிளிநொச்சியிலிருந்து எழுதியிருந்தேன். நேற்று விடைத்தாள் கைக்கு வந்தது; 54 புள்ளிகள். நேரத்தைவிட, கேட்டதற்கு விடை எழுதாமையே என்னைக் கீழே இறக்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1841இல் தொடங்கிய உதயதாரகை பத்திரிகை பற்றிய பகுதிக்கு முழுப் புள்ளி. ஆனால் 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் குளோட் சனன் முன்வைத்த தொடர்பாடல் மாதிரியில் வரும் ‘இரைச்சல்’ (செய்தி போய்ச் சேரும் வழியில் அதைக் குலைக்கும் இடையூறு) என்பதை உள்ளூர் உதாரணத்துடன் விளக்கும்படி கேட்ட இடத்தில், வரைவிலக்கணத்தையே ஒன்றரைப் பக்கத்துக்கு நீட்டியிருந்தேன், ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையால் “உதாரணம் எங்கே?” என்று எழுதியிருந்தார்.

இரவு இதைச் சொன்னபோது, மின்சாரமும் பற்றரியும் இல்லாத போர்க்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டதையும், சுற்றுகிறவரின் கை தளர்ந்ததும் குரல் கரகரத்து மங்கியதையும் அம்மா விவரித்தார். வன்னியில் எத்தனையோ வீடுகள் அறிந்த இந்த அனுபவத்தைவிடப் பொருத்தமான உதாரணம் வேறெங்கே கிடைக்கும்? அந்த வினாவுக்கு இன்று காலை மீண்டும் விடை எழுதி ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். யார், என்ன, எந்த ஊடகம் வழியாக, யாருக்கு, என்ன விளைவுடன் சொல்கிறார் என்ற, தொடர்பாடல் அறிஞர் லாஸ்வெலின் ஐந்து கேள்விகளையும் இதே செய்தி கேட்ட இரவுகளில் பொருத்தி எழுதிப் பார்க்கத் தொடங்கியுள்ளேன்.