கலைச்சொல்: 'முகத்திரைவிலகல்' வேண்டாம், 'தயக்கத்தளர்வு' எனலாமா?

> பெயரை மறைத்தால் மனிதரின் நிஜ முகம் தெரிந்துவிடும். அதனால் 'ஆன்லைன் டிஸ்இன்ஹிபிஷன்' என்பதற்கு 'முகத்திரைவிலகல்' எனலாம்.

புதுச்சேரி நண்பருக்கு வணக்கம்.

நேரில் சொல்லத் தயங்குவதை இணையத்தில் தயங்காமல் சொல்லிவிடும் போக்குக்கு நீங்கள் தந்த சொல் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திரைக்குப் பின்னால் ஒரே ஓர் அசல் முகம் உண்டு என்று முன்பே முடிவு கட்டிவிடுகிறது. இந்தப் போக்கைப் பற்றி உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் எழுதிய கட்டுரையில் மறுத்தது இதைத்தான். பெயர் மறைந்ததும் மேலே வருவது 'உண்மையான நான்' அல்ல, அந்தச் சூழலில் முன்னுக்கு வரும் இன்னொரு பகுதி என்கிறார். நேரில் கூச்சப்படுகிறவரின் கூச்சமும் அவருடையதுதானே!

அவர் சொன்ன ஆறு காரணிகளில் பெயர்மறைவு ஒன்றுதான். ஒருவரையொருவர் பாராதது, பதில் உடனே வராதது, எதிராளியின் குரலை நாமே மனத்தில் கற்பித்துக்கொள்வது, இணையத்தை விளையாட்டுக் களமாக நினைப்பது, அதிகாரத்தின் மீதுள்ள அச்சம் குறைவது ஆகியவை மற்றவை. ஆய்வாளர்கள் லாப்பிடாட்-லெஃப்லரும் பராக்கும் 2012இல் வெளியிட்ட சோதனையில், வசைக்குப் பெயர்மறைவைவிடக் கண்ணோடு கண் பாராததே பெரிய காரணமாகத் தெரிந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் சொந்தப் பெயரில்தான் சண்டை போடுகிறார்கள்.

'டிஸ்இன்ஹிபிஷன்' என்பதை நேராக மொழிபெயர்த்து 'தடைநீக்கம்' என்றால், ஏதோ செயலிக்கு விதித்த தடையை அரசு நீக்கியதாகத் தோன்றும். 'தயக்கத்தளர்வு' என்று வைத்தால் தளர்வு கூடுவது, குறைவது இரண்டையும் சொல்லலாம். 'தயக்கம் தளர்ந்த பேச்சு', 'தயக்கம் தளர்ந்தது' என வாக்கியத்திலும் இடறாமல் வரும். முன்பின் தெரியாத ஆலோசகருக்குத் தன் குடிப்பழக்கத்தைப் பற்றி ஒருவர் எழுதினால் 'நலந்தரு தளர்வு'. அதே ஆள் வேறொரு இடத்தில் ஆபாசமாகத் திட்டினால் 'நச்சுத் தளர்வு'. 'நற்றளர்வு' இலக்கணப்படி சரி, ஆனால் படிப்பவர் தடுக்கி விழுவார்.

இன்னொன்று: 'பெயரிலி'யையும் 'புனைபெயரி'யையும் கலக்கவே கூடாது. எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த சொ. விருத்தாசலம் கதைக்குப் புதுமைப்பித்தன், கவிதைக்கு வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை, காரமான விமர்சனத்துக்கு ரசமட்டம். இதில் எது அசல் ஆள், எது முகமூடி? ஒவ்வொரு பெயருக்கும் தனித் தொடர்ச்சி இருந்தது, காப்பாற்ற வேண்டிய மதிப்பும் இருந்தது. பெயரிலிக்கு நேற்றைய பதிவோடுகூட ஒட்டு இல்லை. அவர் நடத்தையும் அதனால்தான் வேறாகிறது.

மறுப்பு இல்லையென்றால் 'இணையத் தயக்கத்தளர்வு' என்றே நம் கலைச்சொல் தொகுப்பில் ஏற்றலாம். 'விளைவு' என்று பின்னால் ஒட்ட வேண்டியதில்லை, தளர்வே விளைவுதான்.

அன்புடன்,
கடலூரிலிருந்து